கற்கோடரி சென்ற வழி

சிட்னி மாநகரின் மேற்குப் பாகத்தில், பரமட்டா நகரைத் தாண்டியதும், கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை ஒரு மேட்டின்மீது ஏறி இறங்குகிறது. மேய்ஸ் ஹில் என்று வழங்கும் அந்த மேடு, வைகாசிக் குன்று என்று பக்தர்கள் பெயரிட்டழைக்கும் முருகன் கோயிலால் ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமானது. அங்கே கூடும் ஜனங்களில் பலர் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் முதலிய அண்டை ஊர்களில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். அஸ்திவாரம் தோண்டியவர்களுக்கும், கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று நட்டவர்களுக்கும் அந்தப் பூமியின் இயல்பு தெரியும்: மழையில் குழைந்து வெயிலில் இறுகும் களிமண், அதன்கீழ், பூகர்ப்ப சாஸ்திரிகள் வயனமட்டா என்று பெயரிட்டிருக்கும் களிப்பாறை அடுக்கு. கோடரிக்கோ கத்திக்கோ உதவக்கூடிய கடினமான கல் அந்த மேட்டில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஆகவே அந்த மண்ணுக்குள்ளிருந்து செதுக்கிய கல்லொன்று வெளிப்படுமாயின், அது வேறோர் இடத்திலிருந்து ஒரு மனிதன் கையோடு வந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை; எங்கிருந்து வந்தது, யார் கொடுக்க யார் வாங்கியது, எதற்கு ஈடாக வந்தது என்பனவே விசாரிக்கத்தக்க விஷயங்கள்.

இவ்விசாரணை இரண்டு நூற்றாண்டுச் சரித்திரத்துக்குள் அடங்குவதன்று. 1788 நவம்பரில் ஆங்கிலேயர் பரமட்டாவில் குடியேற்றம் தொடங்கியபோது, அப்பிரதேசம் தாருக் மக்களுள் ஒரு கிளையாரான பரமட்டகல் மக்களின் பூமியாக இருந்தது. ஊரின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே. பரமட்டா நகரின் நடுவில், ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பழைய மணற்படுகையைக் கட்டட வேலைகளுக்கு முன்னதாகத் தொல்லியலார் அகழ்ந்து பார்த்தபோது, சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கே தங்கியிருந்ததற்கு அடையாளங்கள் கிடைத்தன. அத்தகைய இடங்களில் அகப்படும் கற்கருவிகளில் பெரும்பாலானவை சில்லுகள். மணலும் பொடிக்கற்களும் சிலிக்காவினால் பிணைந்து இறுகிய சில்கிரீட் என்னும் கல், பிளாக்டவுனுக்கு அப்பாலுள்ள பிளம்ப்டன் மேட்டில் ஏராளமாகக் கிடைத்தது; அதை நெருப்பின் அருகே பக்குவமாகச் சூடேற்றிப் பின் தட்டினால் கூர்மையான சில்லுகள் சீராகப் பெயரும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தார்கள். இன்னும் மேற்கே, நீலமலைகளின் அடிவாரத்தில் ஓடும் நேபியன் ஆறு தன் கரைகளில் கொட்டி வைத்திருக்கும் உருண்டைக் கற்களும் அவர்களுக்குப் பண்டசாலையாக இருந்தன. பிளம்ப்டனும் நேபியனும் மேய்ஸ் ஹில்லிலிருந்து நடந்து எட்டக்கூடிய தூரத்தில் உள்ளவையே. ஆனால் இடையிலுள்ள நிலம் யாருக்கும் சொந்தமில்லாத வெளியன்று. ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தத்தம் எல்லை உண்டு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் போவதற்கு உறவும் அனுமதியும் வேண்டும். சிறிது தூரம் வந்த கல்லும்கூட மனித சம்பந்தங்களின் வழியாகவே வந்தது என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

சில்லுகளைவிட வெகுதூரம் பிரயாணம் செய்தது கோடரி. சிட்னித் துறைமுகத்து மக்கள் அதை மோகோ என்று அழைத்ததை ஆங்கிலேயரின் முதற் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள உறுதியான கல்லொன்றைத் தேர்ந்து, வேண்டியவிடத்துச் செதுக்கியோ கொத்தியோ உருவாக்கி, அதன் ஒரு விளிம்பை மட்டும் ஈரமான மணற்பாறைமீது முன்னும் பின்னுமாகத் தேய்த்துத் தீட்டுவார்கள். சிட்னியைச் சுற்றியுள்ள ஓடைகளின் ஓரமாக மணற்பாறை வெளிப்பட்டிருக்கும் இடங்களில், நீளமாகவும் நடுவில் ஆழ்ந்தும் ஓரங்களில் மெலிந்தும் வரிவரியாகக் காணப்படும் பள்ளங்கள் அவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கோடரி தீட்டிய தடங்களேயாம். நீர் தேங்கும் குழிக்கு அருகிலேயே அவை மிகுதியாக இருப்பதன் காரணமும் அதுதான். தீட்டிய கல்லுக்கு வளைத்த கழியைக் காம்பாக்கி, பிசின் வைத்து, நாரினால் இறுகக் கட்டிவிட்டால் கருவி பூர்த்தியாகும். மரத்தில் கால் வைத்து ஏறுவதற்குப் படிக்குழி வெட்டவும், மரப்பொந்தை அகலப்படுத்தி உள்ளேயிருக்கும் பாஸம் என்னும் பிராணியையோ தேனையோ எடுக்கவும், படகுக்கும் கேடயத்துக்கும் வேண்டிய பட்டையை உரிக்கவும் இதுவே சாதனம். வட ஆஸ்திரேலியாவில் தீட்டிய கோடரியின் சரித்திரம் 40,000 ஆண்டுகளுக்கும் அப்பால் செல்கிறது. கிம்பர்லிப் பிரதேசத்துக் குகையொன்றில் கிடைத்த மிகச் சிறு துணுக்கொன்று உலகிலேயே மிகப் பழைய தீட்டிய கோடரிகளுள் ஒன்றின் பாகம் என்று 2016இல் ஆய்வாளர் அறிவித்தார்கள். தென்கிழக்குக்கு அது வந்து சேர்ந்தது வெகு காலம் கழித்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

இக்கோடரி கைமாறிய ஒரு சந்தர்ப்பம் எழுத்தில் பதிவாகியிருப்பது நம் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். 1791 ஏப்ரலில் கவர்னர் ஆர்தர் பிலிப், வாட்கின் டென்ச் முதலிய அதிகாரிகளோடும், கோல்பீ, பலடெரீ என்னும் இரண்டு துறைமுகப் பகுதிப் பூர்வகுடியினரோடும், பரமட்டாவிலிருந்து புறப்பட்டு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையை அடைந்தார். நேபியன் ஆறு கீழே சென்று பெறும் பெயரே ஹாக்ஸ்பரி. அங்கே கோம்பீரீ என்ற முதியவரும் அவர் மகன் யெல்லமண்டீயும், முன்பின் அறியாத அக்கூட்டத்தாரைச் சந்தித்து அவர்களோடு இராத் தங்கினார்கள். பிரியும்போது அந்த முதியவர் கவர்னருக்கு இரண்டு கற்கோடரிகளும், இரண்டு ஈட்டிகளும், ஈட்டி எறியும் கோலொன்றும் அளித்தார். பதிலுக்கு ரொட்டியும், தூண்டில் முட்களும், இரண்டு சிறிய இரும்புக் கோடரிகளும் கொடுக்கப்பட்டன. இதை நாகரிகமற்றவரின் வெகுளித்தனமான உபசாரம் என்று படித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் உருண்டைக் கற்கள் குவிந்த ஆற்றங்கரைக்கு உரியவர், அந்நிய நாட்டுத் தலைவனோடு சம்பந்தம் ஏற்படுத்திக்கொள்ள நினைத்தபோது, தம் பூமிக்கே உரிய பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தார் என்று கொண்டால், அச்செயலுக்குப் பின்னால் நீண்ட மரபொன்று தென்படுகிறது. கோடரிக்குக் கோடரியே பதிலாக வந்ததும் கவனிக்கத்தக்கது. யாரமண்டி என்று பிற்காலத்தில் எழுதப்பெற்ற அம்மகனின் புதல்வி மரியா லாக், பரமட்டாவில் பூர்வகுடிச் சிறார்க்கென ஏற்பட்ட பாடசாலையில் கல்வி கற்றவர்; அவருடைய வம்சத்தார் இன்றும் மேற்குச் சிட்னியில் பெருந்தொகையினராக வாழ்கிறார்கள்.

எழுத்தில் ஏறாத ஆயிரக்கணக்கான கைமாற்றங்களை அறிய ஒரே வழி கல்லையே சாட்சியாக விசாரிப்பதுதான். இதற்கு முதலில் கைக்கொண்ட முறை, கோடரியிலிருந்து மெல்லிய துண்டொன்றை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்த்து, ஒளி ஊடுருவும் நிலையில் நுண்ணோக்காடியின்கீழ் வைத்து, அதிலுள்ள கனிமங்களின் சேர்க்கையைப் பார்ப்பது. ஒவ்வொரு பாறைக்கும் இச்சேர்க்கையில் ஒரு தனித்தன்மை உண்டு. 1972இல் ரே பின்ஸ் என்ற பூகர்ப்ப சாஸ்திரியும் இசபெல் மக்பிரைட் என்ற தொல்லியல் அறிஞரும் நியூ சௌத் வேல்ஸின் வடபகுதிக் கோடரிகளை இம்முறையில் பரிசோதித்து வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்பம். டாம்வொர்த் நகருக்கு அருகிலுள்ள மூர் கிரீக் என்னும் மலைமுகட்டுக் குவாரியின் கல், மேற்கே கோபார், பர்க், வில்கேனியா வரையில் சமவெளியெங்கும் சென்றிருப்பதை அவர்கள் நிரூபித்தார்கள். டார்லிங் ஆற்றங்கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள், தாம் கண்டிராத மலையொன்றின் கல்லால் மரம் வெட்டினார்கள் என்பது அதன் பொருள்.

அறுத்துப் பார்க்கும் முறையில் ஒரு குறை உண்டு. சாட்சியின் உடம்பிலேயே காயம் செய்கிறோம். முன்னோர் கைப்பட்ட பொருளை அறுப்பதற்கு அதன் உரிமையாளரான பூர்வகுடியினர் மனம் ஒப்பாதது இயற்கை. கையில் எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வந்தபின் இந்தச் சங்கடம் பெருமளவு நீங்கியது. எக்ஸ்ரே கதிர் பட்டதும் கல்லிலுள்ள ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய சக்தியோடு பதிலொளி வீசும். அதைக் கணக்கிட்டு ஸ்ட்ரான்ஷியம், சிர்க்கோனியம், ருபிடியம் போன்றவை எந்த விகிதத்தில் உள்ளன என்று சில நிமிஷங்களில் அறியலாம். கல்லுக்குக் கீறல்கூட விழாது. ஆனால் பல நூற்றாண்டு மண்ணிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்பரப்பு சிதைந்திருக்குமாதலால், கருவி தரும் எண்ணை அப்படியே நம்பிவிடாமல், புதிதாக உடைந்த பாறையோடும் சிதைந்த பாறையோடும் ஒப்பிட்டு நிதானமாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சிட்னியைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. நீலமலையின் சில சிகரங்களில், மவுண்ட் டோமா, மவுண்ட் பேங்க்ஸ் முதலியவற்றில், பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் கல் தொப்பி போலக் கவிந்திருக்கிறது. அக்கல்லை உடைத்து உருட்டிக்கொண்டு ஆறுகள் அடிவாரத்துக்கு வருகின்றன. எனவே சமவெளியில் கிடைத்த கோடரி மலைச்சிகரத்துப் பசால்ட் என்று தெரிந்தாலும், அதை அத்தனை தூரம் கொண்டுவந்தது மனிதனா, வெள்ளமா என்ற கேள்வி எஞ்சுகிறது. கற்களின் இரசாயனத்தோடு ஆறுகளின் போக்கையும் ஒருசேரப் படித்தாலன்றி இதற்கு விடையில்லை. ஆஸ்திரேலிய மியூசியத்தைச் சேர்ந்த வால் அட்டன்பிரோவும், நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துப் பீட்டர் கிரேவும், அவர்களுடைய சகாக்களும் பல வருஷங்கள் முயன்று, எந்தெந்தப் பசால்ட் எந்தெந்த ஆற்றின் வழியாக எங்கே சேர்ந்திருக்க முடியும் என்பதையும் கணக்கில் கொண்டு இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கிறார்கள். துறைமுக வாயிலருகே வோக்ளூஸ் என்னும் இடத்தில் அகப்பட்ட கோடரியொன்று, மலைத்தொடருக்கு அப்பாலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. கிழக்கு நோக்கி எந்த ஆறும் அக்கல்லை உருட்டி வந்திருக்க முடியாது. மனிதர்தாம் சுமந்து வந்தார்கள்.

வோக்ளூஸ் என்ற பெயரைச் சிட்னிவாசிகள் கேட்டவுடன் வில்லியம் வென்ட்வொர்த் நினைவுக்கு வருவார். 1813இல் பிளாக்ஸ்லாந்து, லாசன் இருவரோடும் சேர்ந்து நீலமலையைக் கடந்தவர் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் அந்தப் பிரபு பிற்காலத்தில் வாழ்ந்த மாளிகை வோக்ளூஸில்தான் இருக்கிறது. கடக்க முடியாதது என்று குடியேறியவர்கள் இருபத்தைந்து வருஷம் திகைத்து நின்ற மலை, பூர்வகுடிகளுக்கு நடந்து பழகிய வழி. 1823இல் ஆர்ச்சிபால்ட் பெல் என்ற இளைஞர் வடக்கே மற்றொரு மலைப்பாதையைக் காண உதவியவர்களும் தாருக் மக்களே. அவர் பெயரைத் தாங்கிய சாலை இன்றும் உள்ளது. மேய்ஸ் ஹில் வழியாக மேற்கே போகும் நெடுஞ்சாலையில் பாத்தர்ஸ்ட்டுக்குக் காரில் செல்பவர்கள், கல்லையும் செய்தியையும் சுமந்து மனிதர் நடந்த திசையிலேயே செல்கிறார்கள்.

கல்லின் வழியைத் தொடர்வதால் மனித உறவுகளின் வழி தெரியவரும் என்பதற்கு இதுகாறும் கிடைத்தவற்றுள் தலைசிறந்த திருஷ்டாந்தம் விக்டோரியா மாகாணத்தில் இருக்கிறது. மெல்போர்ன் நகருக்கு வடக்கே லான்ஸ்பீல்ட் என்ற ஊருக்கு அருகில் மவுண்ட் வில்லியம் என்று ஒரு குன்று உண்டு. அதன் பழம்பெயர் வில்-இம்-ஈ மூர்-ரிங். வுருண்ட்ஜெரி மக்களின் பூமியாகிய அங்கே, பசுமை கலந்த கருநிறமுள்ள மிக உறுதியான கல் பூமியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே தெரியும் கல் வெயிலிலும் மழையிலும் வலுவிழந்திருக்குமாதலால், பூமிக்குள் மறைந்திருக்கும் நல்ல கல்லை அடையக் குழி பறித்திருக்கிறார்கள். அத்தகைய குழிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றைச் சுற்றிச் செதுக்கிய சில்லுகள் மேடு மேடாகக் குவிந்து கிடக்கின்றன. சில குவியல்களின் நடுவே, பட்டடைக்கல்லாக உபயோகித்த பாறையொன்று துருத்திக்கொண்டு நிற்பதையும் காணலாம். கல்லுடைப்பவன் அப்பாறையெதிரே அமர்ந்து, வேண்டாத பாகத்தைத் தட்டிக் கழித்து, கோடரியின் உத்தேச வடிவம் வந்ததும் நிறுத்திவிடுவான். தீட்டும் வேலை வாங்குகிறவனுடையது. சுமை குறையுமல்லவா? இந்தச் சில்லுக் குவியல்கள் எத்தனை தலைமுறைகளின் உழைப்பு என்று நினைக்கும்போது, அவ்விடத்தைத் தொழிற்சாலை என்று அழைப்பது மிகையாகாது.

அக்குவாரி யார் வேண்டுமானாலும் போய்க் கல்லெடுத்துக்கொள்ளும் புறம்போக்காக இருக்கவில்லை. 1824 வாக்கில் பிறந்து 1903இல் காலமான வுருண்ட்ஜெரித் தலைவர் வில்லியம் பராக், மானிடவியல் அறிஞர் ஏ. டபிள்யூ. ஹாவிட்டுக்குச் சொன்ன விவரங்கள் இவ்விஷயத்தில் விலைமதிப்பற்றவை. பில்லிபெல்லரி என்பவர் குவாரியின் காவலராக அங்கேயே வசித்தார். உறவுமுறையால் பாத்தியதை பெற்ற வேறு சிலரும் அக்காவலில் பங்கு கொண்டார்கள். கல் வேண்டிய அயலார் முதலில் தூதனை அனுப்புவார்கள். பதிலுக்குப் பாஸம் தோலால் தைத்த போர்வை போன்ற பொருள்களைத் தருவதாகச் சொல்லுவார்கள். சம்மதம் கிடைத்த பின்னரே வருவார்கள். வந்து தங்கி, கல்லைப் பெற்றுச் செல்வார்கள். அனுமதியின்றிக் கல் எடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது இரு தரப்பாரும் கூடி விசாரித்து, சண்டையின்றிப் பேசி முடித்துக்கொண்டதையும் பராக் நினைவுகூர்ந்திருக்கிறார். தூது, சம்மதம், விருந்து, ஈடு, விசாரணை ஆகிய இத்தனையும் ஒரு கோடரிக்குள் அடங்கியிருந்தன.

இசபெல் மக்பிரைட், 1970களில் தொடங்கி, தென்கிழக்கு ஆஸ்திரேலியா முழுவதிலும் மியூசியங்களிலும் தனியார் சேகரங்களிலும் இருந்த பச்சைக்கல் கோடரிகளைத் தேடிப் பரிசோதித்து, மவுண்ட் வில்லியம் கல் எங்கெங்கே சென்றது என்று படம் வரைந்தார். சில கோடரிகள் 600 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றிருந்தன. அதைவிட முக்கியமானது அவர் கண்ட வேறொரு விஷயம். கல் என்பது பாரமான சரக்கு. குவாரியிலிருந்து தூரம் கூடக்கூட எண்ணிக்கை எல்லாத் திசையிலும் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும் என்றுதான் பொருளாதார நியாயப்படி எதிர்பார்க்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. மேற்கிலும் வடக்கிலும் கோடரிகள் வெகுதூரம் பரவியிருக்க, தென்கிழக்கே கிப்ஸ்லாந்தில், குர்னாய் மக்களின் நாட்டில், அவை மிகச் சொற்பம். குவாரிக்கு உரிய வுருண்ட்ஜெரியரை உள்ளிட்ட கூலின் மக்களுக்கும் குர்னாய்களுக்கும் தீராப் பகை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த திசைகளில் கல் ஓடியது. பகைவர் எல்லையில் நின்றுவிட்டது. சொந்த ஊரில் கோடரிக்கு உகந்த கல்லிருந்தவர்களும் மவுண்ட் வில்லியம் கல்லை விரும்பிப் பெற்றார்கள் என்பதும் அவருடைய ஆராய்ச்சியில் தெரியவந்தது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடல் கடந்த தேசங்களில் தமிழர் எழுப்பும் கோயில்களுக்கு மாமல்லபுரத்துச் சிற்பிகள் செதுக்கிய கருங்கல் விக்கிரகங்கள் கப்பலேறிப் போகின்றன. அந்தத் தேசங்களில் கல்லில்லாமலா போகின்றன? எந்தக் குன்றின் கல், யார் கைப்பட்டது, எந்த மரபில் வந்தது என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. மவுண்ட் வில்லியம் கல்லுக்கும் அத்தகைய மதிப்பு இருந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உபயோகத்தை மட்டும் அளவுகோலாக வைத்து அம்மக்களின் பரிவர்த்தனையை அளக்கப் புகுந்தவர்கள் தவறியதும் இவ்விடத்திலேதான். 2008இல் அக்குன்று ஆஸ்திரேலிய தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2012இல் வுருண்ட்ஜெரி மக்களிடமே அது திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

பரிவர்த்தனையில் விலை எப்படி ஏறி இறங்கியது என்பதற்கு லாரிஸ்டன் ஷார்ப் என்ற அமெரிக்க மானிடவியலார் தந்துள்ள விவரம் சுவையானது. 1930களில் அவர் கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் யிர் யோரோண்ட் மக்களோடு தங்கியிருந்தார். வண்டலும் மணலுமான அக்கரையில் கோடரிக் கல் கிடையாது. குவாரிகள் தெற்கே சுமார் 400 மைல் தொலைவில். கடற்கரையாரிடம் இருந்த சரக்கு, திருக்கை மீனின் முள்ளைப் பதித்த ஈட்டி. தம் ஊரில் ஒரு கோடரிக்கு அவர்கள் ஒரு டஜன் ஈட்டி கொடுக்க வேண்டியிருந்தது. 150 மைல் தெற்கே போனால் ஒரு முள் ஈட்டிக்கே ஒரு கோடரி கிடைத்தது. அதற்கும் அப்பால், குவாரிக்கு அருகில், ஓர் ஈட்டி பல கோடரிகளைப் பெற்றிருக்கும். எனினும் எவரும் 400 மைல் நடக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்த கூட்டத்தில் வர்த்தகத் துணைவன் ஒருவன் இருந்தான். வறண்ட பருவத்தில் சடங்குகளுக்காகப் பல கூட்டத்தார் ஒன்றுசேரும்போது கைமாறிக் கைமாறிக் கல் வடக்கேயும் முள் தெற்கேயும் போயின. கோடரி ஆடவனுக்கு உரியது. பெண்களும் இளைஞரும் வேண்டியபோது மூத்தவரிடம் இரவல் கேட்பார்கள். மிஷனரிகள் இரும்புக் கோடரிகளைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தாராளமாக வழங்கத் தொடங்கியதும், பெரியவர்கள் சிறியவர்களிடம் இரவல் கேட்கும் நிலை வந்தது. வர்த்தகத் துணைவனைத் தேடிப் போக வேண்டிய அவசியமும், அதனோடு சடங்குக் கூட்டங்களின் களையும் குன்றின. 1952இல் ஷார்ப் எழுதிய இச்சரித்திரத்தைப் படித்தபின், ஹாக்ஸ்பரிக் கரையில் கோம்பீரீயின் கையில் விழுந்த அந்த இரண்டு சிறிய இரும்புக் கோடரிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய பாதைகள் கண்டமெங்கும் இருந்தன. குவீன்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசாவுக்கு அருகில், கல்கடூன் மக்களின் நாட்டில், மூண்டாரா ஏரிப் பக்கத்துக் குவாரிகளின் கோடரிகள் தெற்கே ஏர் ஏரிப் பிரதேசம் வரை சென்றன. அதே வழியில் எதிர்த்திசையில், பிட்டுரி என்னும் மெல்லும் இலை சென்றது. ஃபிளிண்டர்ஸ் மலையின் செங்காவி மண்ணுக்காகப் பாலைநில மக்கள் வாரக்கணக்கில் நடந்து, திரும்புகையில் தானியம் அரைக்கும் மணற்கல் பலகைகளையும் சுமந்து வந்தார்கள்.

நம் நாட்டிலும் இதே கேள்விகள் விடைக்காகக் காத்திருக்கின்றன. பெல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனக்கல்லுக் குன்றுகளில், ராபர்ட் புரூஸ் ஃபுட் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த புதிய கற்காலக் கோடரித் தொழிற்களத்தை, சமீப காலத்தில் ரவி கோரிசெட்டரும் நிக்கோல் பாய்வினும் அவர்கள் குழுவினரும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். டோலரைட் கல்லை உடைத்த சில்லுக் குவியல்களும் பாறைமீது தீட்டிய தடங்களும் அங்கேயும் உள்ளன. மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் 2006இல் வெளிப்பட்ட தீட்டிய கற்கோடரியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன்மேலுள்ள குறிகள் சிந்துவெளி எழுத்துகளே என்று ஐராவதம் மகாதேவன் வாசித்தார். ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. வாதப் பிரதிவாதமெல்லாம் குறிகளைப் பற்றியே நடந்தது. கல் தீபகற்பத்தைச் சேர்ந்தது, வடநாட்டிலிருந்து வந்ததன்று என்று அவர் சுட்டிக்காட்டியது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. காவிரியின் வண்டலில் கோடரிக்கேற்ற பாறை ஏது? குறிகள் எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அந்தக் கல் மேற்கேயுள்ள ஏதோ ஒரு குன்றிலிருந்து டெல்டாவுக்குக் கைமாறி வந்தது என்பது நிச்சயம். குன்று எது, வழி எது என்ற விசாரணை எழுத்தைப் பற்றிய வாதத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த லாபிஸ் லாசுலி என்னும் நீலநிறக் கல் ஆப்கானிஸ்தானத்தைச் சுட்டுகிறது என்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். சாதாரணக் கருங்கற் கோடரியின் பிரயாணத்துக்கும் அதே மரியாதை தர வேண்டாமா?

கல்லின் சாட்சியத்தில் பாதி கல்லில் இருக்கிறது. மற்றப் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்தப் பாறை என்பதைக் கருவி சொல்லிவிடும்; எங்கே வந்து சேர்ந்தது என்பதை இடம்தான் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வழி. சென்ற நூற்றாண்டில் உழவர்களும் சேகரிப்பாளர்களும் பொறுக்கி எடுத்து, ஊர்ப்பெயர்கூடக் குறிக்காமல் பெட்டிகளில் போட்டு வைத்த கோடரிகள் எத்தனையோ. எந்தக் குன்றில் பிறந்தன என்று அவற்றைக் கொண்டு அறியலாம். யாருடைய உறவுக்குச் சாட்சியாக இருந்தன என்பது என்றென்றைக்கும் போய்விட்டது. மேற்குச் சிட்னியிலோ, புதிய குடியிருப்புகளும் சாலைகளும் வருஷந்தோறும் பரவுகின்றன. பெரிய கட்டுமானங்களுக்கு முன் தொல்லியல் சோதனை நடக்கிறது என்றாலும், கொல்லைப்புறங்களில் மண்வெட்டி படும் ஒவ்வோர் இடத்துக்கும் தொல்லியலார் வந்து நிற்க முடியாது.

ஆகையால் மேய்ஸ் ஹில்லிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டம் கொத்தும்போதோ வேலிக்குக் குழி தோண்டும்போதோ, அந்தக் களிமண்ணோடு ஒட்டாத கல்லொன்று, ஓரம் தீட்டியதாகவோ சில்லு பெயர்த்ததாகவோ கண்ணில் பட்டால், அதை எடுத்துக் கழுவி அலமாரியில் வைக்காதீர்கள். நண்பருக்குப் பரிசாகவும் கொடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, நியூ சௌத் வேல்ஸ் மரபுரிமைத் துறைக்குத் தெரிவியுங்கள். மேற்குச் சிட்னியின் பெரும்பகுதிக்குப் பொறுப்பான டீரபின் உள்ளூர்ப் பூர்வகுடி நிலப்பேரவைக்கும் சொல்லுங்கள். பூர்வகுடிப் பொருள்களைச் சேதப்படுத்துவதும் இடம் பெயர்ப்பதும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கண்டெடுத்தவர் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி.